கபிலரின் அளவுகோல்

திருநாவலூரில் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனார், மனிதரைப் புகழ்ந்து பிழைக்கும் புலவர்களை ஒரு பதிகத்தில் இடித்துரைக்கிறார். ஈயாத கஞ்சனைப் பாரி என்றே அழைத்தாலும் அவனிடமிருந்து ஒன்றும் பெயராதாம்! சென்ற முறை அவ்வூர்க் கோயிலில் நின்றபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பறம்பு மலையை ஆண்ட ஒரு சிற்றரசனின் பெயர், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கொடைக்கு மறுபெயராக நின்றது எப்படி?

நிற்கச் செய்தவர் கபிலர். அவர் வாழ்வு முடிந்ததாகச் சொல்லப்படும் திருக்கோவலூரும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் விளைவையும் மதுவையும் கொண்டே எழுதியவர் கபிலர். உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை என்று பறம்பைக் கணக்கிட்டார். பாரி மாண்டபின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அவர் நினைவில் நின்றது அரண்மனையன்று. வாய் திறந்த மதுச் சாடிகளும், வந்தவர்க்கெல்லாம் குறையாத ஊனும் சோறுமே.

அதே கபிலர், மலையமான் திருமுடிக்காரியைப் பாடும்போது கள்ளைக் கொண்டு வேறொரு கணக்குப் போடுகிறார். காலையிலேயே குடித்துக் களித்தவன் தேரை வாரி வழங்குவது யார்க்கும் எளிது. காரி குடிமகிழ்ச்சியில்லாமல், தெளிந்த மனத்தோடு தந்த தேர்களோ முள்ளூர் மலைமேல் விழும் மழைத் துளிகளைவிட அதிகம்! பரிசில் பெற்று வாழ்ந்த புலவர், கொடுக்கும் கையையே எடைபோடத் துணிந்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அவருடைய முடிவைப் பற்றி இரண்டு சாட்சிகள் உண்டு. பாரி மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. மலையருக்கு மணம் செய்து கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது, திருக்கோவலூர் வீரட்டானத்தில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் பொறித்த கல்வெட்டு. இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவள். ஆகவே குலப் பெருமைக்காகக் கபிலரைத் தம்மோடு சேர்த்துக் கொண்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இருக்கட்டும். சோழப் பேரரசனைப் பெற்றெடுத்த குலமும் தன் பெருமைக்குச் சாட்சியாகத் தேடியது யாரை? திக்கற்ற இரு பெண்களோடு வாசல் வாசலாக அலைந்த ஓர் ஏழைப் புலவரை! தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்று மக்கள் காட்டும் பாறையைப் பார்க்கும்போதெல்லாம், இந்த நினைவில் என் ஐயம்கூடச் சற்றே தலை வணங்கிவிடுகிறது.