ஐந்நூறு படுக்கை என்னும் அளவுகோல்: அறுவை மருத்துவத் தகுதிச் சான்றும் திருப்பதி, சித்தூர்ப் பயிற்சிக் களங்களும்

அறுவை மருத்துவர்களின் தகுதிச் சான்றைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவற்றில் ஒரு கருத்து கேள்வியின்றி நிலைத்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 37ஆம் பிரிவில் வைத்துள்ள 500 படுக்கை நிபந்தனை, சிறிய மருத்துவமனைகளில் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. தகுதியை முடிப்போரின் அறுவைத் திறன்மீது சட்டம் கொண்ட ஐயத்தைக் காட்டுகிறது என்பதே அது. பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். பட்டத்துக்காக வாதாடுவோர் அந்த ஐயம் நியாயமானது என்கிறார்கள். தேசியத் தேர்வு வாரியத்துக்காக வாதாடுவோர் அது அவமதிப்பு என்கிறார்கள். ஐயம் எதைப் பற்றியது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அந்தப் பிரிவு அறுவைத் திறனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டதால்தான், பயிற்சி பெறுபவர் தம் கையால் எத்தனை அறுவை செய்திருக்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி இத்தனை காலம் கேட்கப்படாமலே கிடக்கிறது.

பிரிவின் வாசகத்தைக் கவனிப்போம். மருத்துவமனை இணைந்த மருத்துவ நிறுவனத்திலோ, 500 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையிலோ பெற்ற டி.என்.பி., உரிய முதுநிலைப் பட்டத்துக்கு எல்லா வகையிலும் சமம் என்கிறது முதற்பாதி. மற்ற இடங்களில் பெற்றிருந்தால், மருத்துவக் கல்லூரி ஒன்றில் கூடுதலாக ஓராண்டு சீனியர் ரெசிடென்டாகப் பணியாற்றிய பிறகு அது கற்பித்தலுக்கும் சமமாகும் என்கிறது பிற்பாதி. 'கற்பித்தலுக்கும்' என்பதிலுள்ள உம்மையில்தான் வழக்கே இருக்கிறது. மற்ற நோக்கங்களுக்குச் சமநிலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எஞ்சியது கற்பித்தல் மட்டுமே என்று கொண்டால்தான் அந்த உம்மைக்குப் பொருள் உண்டு. இருநூறு படுக்கை மருத்துவமனையில் டி.என்.பி. முடித்தவர், கூடுதல் தகுதியைப் பதிவு செய்த மறுநாளே தனியாக அறுவை அரங்கில் நுழைந்து வயிற்றைத் திறக்கலாம். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகத்தான் முடியாது. அவர் கையின்மீது சட்டத்துக்கு ஐயம் இருந்திருந்தால் முதலில் தடுத்திருக்க வேண்டியது அறுவையை. அதைத் திறந்துவிட்டு வகுப்பறையைப் பூட்டும் ஒரு விதியை நோயாளியின் பாதுகாப்புக்கான விதி என்று எப்படிப் படிப்பது?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இரண்டு. 'எல்லா வகையிலும்' என்ற தொடர் முதற்பாதியில் மட்டும் வருவதால், பிற்பாதியினருக்கு ஏதோ ஒரு குறை உட்கிடையாகச் சுட்டப்படுகிறது என்பது ஒன்று. அப்படிக் கொண்டாலும் அந்தக் குறை என்னவென்று பிரிவே பெயர் சொல்லிவிடுகிறது: கற்பித்தல். கூடுதல் ஓராண்டு என்பது திறனை நிரப்பும் ஆண்டு என்பது மற்றது. இது சற்று வலுவான வாதம்தான். ஆனால் அந்த ஓராண்டில் எத்தனை அறுவை, எவ்வகை அறுவை, யார் மேற்பார்வையில் என்று ஒரு சொல்கூடச் சட்டத்தில் இல்லை. இடமும் காலமும்தான் இருக்கின்றன. ஆசிரியப் பணியை நாடாமல் நேரே நோயாளிகளிடம் செல்பவருக்கு அந்த ஆண்டும் தேவையில்லை. திறன் குறைவு உண்மையென்றால் அவருக்குத்தான் அது முதலில் தேவைப்படும். ஆகவே 37ஆம் பிரிவைப் பல்கலைக்கழக ஆசிரியப் பணியிடங்களுக்கும் 1975இல் தோன்றிய தேர்வு வாரியத்துக்கும் இடையே வரையப்பட்ட எல்லைக்கோடாகப் படிப்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோட்டை வரையப் படுக்கை எண்ணிக்கை கைக்கு எட்டிய அளவாக இருந்தது, அவ்வளவே.

அந்த அளவு எவ்வளவு தளர்வானது என்பதற்குத் திருப்பதியும் சித்தூரும் நல்ல சான்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் ஒரே மாவட்டம். திருப்பதியில் அலிபிரி சாலையில் இரு கல்வி நிறுவனங்கள் உள்ளன. 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, ரூயா அரசு மருத்துவமனையோடு இணைந்தது. அதன் மாணவர் விஜயவாடாவிலுள்ள என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறுகிறார். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ், 1995ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தால் தானே பல்கலைக்கழகம். பட்டத்தையும் தானே வழங்குகிறது. தேவஸ்தானத்தின் எலும்பு முறிவு, மறுவாழ்வு மருத்துவமனையான பர்டும் இதே ஊரில்தான். சித்தூரில் 2016இல் தொடங்கிய அப்போலோ மருத்துவக் கல்லூரியோ, அரசின் மாவட்டத் தலைமை மருத்துவமனையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு வந்தது. 'மருத்துவமனை இணைந்த' என்ற தொடரில் இணைப்பு என்பது உடைமையா, உடன்படிக்கையா என்று சட்டம் விளக்கவில்லை. 500 என்ற எண் இரு வகை நிறுவனங்களுக்கும் சேர்த்தே பொருந்தும் என்று படிப்போரும் உண்டு. மூலத்தில் இரண்டும் தனித்தனியே சுட்டப்படுவதால் எண் இரண்டாவதற்கு மட்டுமே உரியது என்பது என் துணிபு. எப்படிப் படித்தாலும் எண்ணப்படுவது கட்டடத்தின் கொள்ளளவுதான்.

அந்தக் கொள்ளளவுக்கும் அறுவைப் பயிற்சிக்கும் உள்ள தொடர்பு துறைக்குத் துறை அறுந்துபோகிறது. திருப்பதியில் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. இவ்வகை ஒற்றைத் துறை மருத்துவமனை 500 படுக்கையை எட்டுவது அரிது. எட்ட வேண்டிய தேவையும் இல்லை. கண்புரை அறுவை முடிந்தவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார். சிறுவெட்டுக் கண்புரை அறுவையை எடுத்துக்கொள்வோம்: வெண்விழியில் சுரங்கம்போல் சாய்ந்த வெட்டு, லென்ஸின் முன்னுறையை வட்டமாகக் கிழித்தல், கெட்டியான உட்கருவை வெளிக்கொணர்தல், மிச்சத்தை உறிஞ்சி எடுத்தல், செயற்கை லென்ஸைப் பொருத்துதல். பயிற்சியாளர் இவற்றை ஒரே நாளில் கற்பதில்லை. ஒருநாள் வெட்டு மட்டும் அவருடையது, எஞ்சியது ஆசிரியருடையது. சில வாரம் கழித்து லென்ஸ் பொருத்துவதும் அவருடையதாகும். வட்டக் கிழிப்பு ஓரத்துக்கு ஓடிவிட்டாலோ, பின்னுறை கிழிந்து விழிப்படிகக் கூழ் முன்னே வந்துவிட்டாலோ ஆசிரியர் கருவியை வாங்கிக்கொள்கிறார். திறன் என்று நாம் சொல்வது இந்தக் கைமாற்றம் மெல்லமெல்லக் குறைந்து வருவதைத்தான். படுக்கைக் கணக்கு இதை ஒருபோதும் பிடிக்காது.

இதைப் பிடிக்கக்கூடிய ஆவணம் ஒன்றே ஒன்று: லாக் புக். 2000ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறையே, எம்.எஸ்., எம்.சிஎச். மாணவர் உதவிய அறுவைகளையும் தனித்துச் செய்த அறுவைகளையும் பதிய வேண்டும், ஆசிரியர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பதிவின் அமைப்பில் குறையில்லை: கை கழுவி உடனின்று பார்த்தது, உதவியது, மூத்தவர் மேற்பார்வையில் செய்தது, தனித்துச் செய்தது என்ற படிநிலை துறையில் எல்லாரும் அறிந்ததே. ஆனால் தேர்வு வாசலில் அந்த விதிமுறை கேட்டவற்றைப் பாருங்கள். 80 விழுக்காடு வருகை, தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேடு, மாநாட்டில் ஒரு சுவரொட்டியும் ஒரு கட்டுரை வாசிப்பும், இதழுக்கு அனுப்பிய ஓர் ஆய்வுக் கட்டுரை. குடலிறக்க அறுவை ஒன்றைக்கூடத் தன் கையால் செய்யாதவரை அந்தப் பட்டியல் தடுக்கவில்லை. சுவரொட்டி ஒட்டாதவரைத் தடுத்தது. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விதிமுறை மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதப் பணியை நிலைநிறுத்தியிருக்கிறது. பெரிய கல்லூரிகளில் மூத்தவர் கைக்கே போய்விடும் எளிய அறுவைகள் அங்கே இளையவர் கைக்கு வரக்கூடும் என்பதால் இதை மனமார வரவேற்கிறேன். எனினும் அங்கும் காலம்தான் அளக்கப்படுகிறது, கை அன்று.

அமெரிக்காவில் 1937இல் தோன்றிய அறுவை வாரியம், ஐந்தாண்டுப் பயிற்சியில் 850 அறுவைகள், அவற்றில் 200 இறுதியாண்டில் என்று எண்ணை நேராகவே வைக்கிறது. இலங்கை நமக்கு இன்னும் அருகில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.எஸ். தேர்வில் தேறினாலும் ஒருவர் நிபுணராகிவிடுவதில்லை. மேற்பயிற்சி முடித்து, செய்த பணியின் தொகுப்பை முன்வைத்து, அதன் மதிப்பீட்டில் தேறிய பிறகே வாரியச் சான்று கிடைக்கிறது. தேர்வு வேறு, சான்று வேறு என்ற பிரிவு அங்கே நிலைத்திருக்கிறது. நம்மிடம் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், சான்றுக்குரிய கேள்விகள் தேர்வின் நெருக்கடியில் காணாமற் போகின்றன.

நம்மிடமும் இப்படி எண் வைத்தால் லாக் புக்கில் பொய் எழுதுவார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் தலையாய மறுப்பு. மறுப்பதற்கில்லை, எண் இல்லாத இப்போதும் அந்த ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் ஒவ்வோர் அறுவை அரங்கிலும் ஓ.டி. ரிஜிஸ்டர் என்று தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. நோயாளியின் பெயர், நோய், செய்த அறுவை, அறுவையாளர், உதவியாளர், மயக்க மருந்து கொடுத்தவர் என்று பத்தி பிரித்து அன்றன்றே அரங்கச் செவிலியர் எழுதுவது. மாணவரின் நோட்டையும் செவிலியரின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து அறுவைகளைப் பொறுக்கி ஒப்பிட வெளித் தேர்வாளருக்கு அரை மணி போதும். ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம், காப்பீட்டில் வரும் அறுவைகளுக்கு இணையவழி முன் அனுமதி கேட்டு, ஆவணம் பார்த்துப் பணம் தருகிறது. பணத்துக்காகத் தனித்தனி அறுவையைத் தொடர முடிந்த அரசுக்குப் பயிற்சிக்காகத் தொடர முடியாது என்பதை ஏற்க இயலவில்லை. எண்ணிக்கை திறனாகாது என்பது அடுத்த மறுப்பு. ஆகாதுதான், ஆயினும் எண்ணிக்கையே இல்லாத இடத்தில் திறனைப் பற்றிப் பேசத் தொடங்கவே வழியில்லை. படுக்கையை எண்ணுவது ஆய்வுக் குழுவுக்கு எளிது என்ற நிர்வாக வாதம் பதிலுக்குத் தகுதியுடையதன்று.

அறுவை குறைவான மருத்துவமனைகள் இடங்களை இழக்குமே என்ற அச்சம் மட்டும் பொருட்படுத்தத் தக்கது. சித்தூர் போன்ற ஊரில் பயிலும் மாணவருக்கு ஒரு வகை அறுவை போதிய அளவில் கிடைக்காமற் போகலாம். அதற்காக இடத்தைப் பறிக்க வேண்டியதில்லை. சித்தூர் மாணவரை எலும்பு அறுவைக்கு பர்டுக்கும், கண் அறுவைக்கு ஒற்றைத் துறை மருத்துவமனைக்கும், அவசர வயிற்றறுவைக்கு ரூயாவுக்கும் சில மாதம் அனுப்பி, அங்குச் செய்த அறுவைகளை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்டப் பணிக்கு மாணவரை வெளியே அனுப்பும் நடைமுறை ஏற்கெனவே இருப்பதால் இது புதிய வழியுமன்று. இதற்கு 37ஆம் பிரிவைத் திருத்த வேண்டாம். தேர்வுக்கு அமரும் தகுதிகளோடு, மேற்பார்வையில் செய்தவை இத்தனை, தனித்துச் செய்தவை இத்தனை என்ற வரியைத் துறைவாரியாகச் சேர்க்க எம்.எஸ்.ஸுக்கு முதுநிலைக் கல்வி வாரியமும் டி.என்.பி.க்குத் தேர்வு வாரியமும் ஒரே நாளில் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.