மின்கம்பி எட்டாத பண்ணைகளின் என்ஜின்: பெட்ரோல் சலவை இயந்திரங்களும் அவற்றின் இரண்டாம் வாழ்வும்

முன்னுரை

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பழைய பண்ணை இயந்திரங்களுக்கெனக் கண்காட்சிகள் நடக்கின்றன. அயோவா மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட் நகரில் 1950 முதல் கூடிவரும் கண்காட்சி அவற்றுள் புகழ்பெற்றது. இத்தகைய இடங்களில் நீராவி என்ஜின்களுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவே, முழங்கால் உயரம்கூட இல்லாத சிறிய பெட்ரோல் என்ஜின்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் பல, துணி துவைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஆனால் அவை ஓட்டிய சலவைத் தொட்டி பெரும்பாலும் உடன் இருப்பதில்லை. என்ஜின் மட்டும் தனித்துப் பிழைத்தது எப்படி? அதைச் சீரமைப்பவர் எந்தக் காலத்து நிலைக்கு அதைக் கொண்டுசெல்ல வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் மேட்டாக் நிறுவனத்தின் என்ஜின்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கதிரடிப்பிலிருந்து சலவைக்கு

அயோவாவின் நியூட்டன் நகரில் 1893-இல் ஃபிரெடரிக் லூயிஸ் மேட்டாக்கும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம், கதிரடிக்கும் இயந்திரங்களுக்கான துணைக்கருவிகளைச் செய்துவந்தது. கதிரடிப்பு முடிந்தால் அத்தொழிலில் விற்பனை படுத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பவே 1907-இல் ‘பாஸ்டைம்’ என்ற கைச்சுழற்சிச் சலவை இயந்திரத்தை நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்து வந்த ‘ஹயர்டு கேர்ள்’ இயந்திரத்தில் புல்லி இருந்தது; பண்ணையில் வேறு வேலைக்காக நிற்கும் என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு அதை ஓட்டலாம். ஆனால் அந்தக் கால என்ஜின்கள் கனமானவை. தண்ணீர் இறைக்கவும் தானியம் அரைக்கவும் வாங்கிய என்ஜின் சலவை நாளன்று கைக்குக் கிடைக்குமா என்பது பண்ணையின் மற்ற வேலைகளைப் பொறுத்தது.

1911-இல் மேட்டாக்கின் மின்சாரச் சலவை இயந்திரம் வந்தது. நகரத்துக்கு அது போதும். பண்ணைகளுக்கு மின்கம்பி போகவில்லை. எனவே 1914-15 வாக்கில் ‘மல்டி-மோட்டார்’ என்ற சிறு பெட்ரோல் என்ஜினை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஹோவர்டு ஸ்னைடர் என்ற இயந்திரக் கலைஞரின் திறமை அந்நிறுவனத்தின் இந்த வளர்ச்சிக்குப் பெரிதும் துணைநின்றது. தொட்டிக்கு அடியிலேயே பொருந்திய இந்த என்ஜின், சலவைக்கென்றே ஒதுக்கப்பட்ட விசையை முதன்முறையாகப் பண்ணைப் பெண்ணின் பொறுப்பில் வைத்தது.

காலால் உதைத்து, குழாயால் புகை போக்கி

இந்த வரிசையில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. 1920களின் பிற்பகுதியில் வந்த மாடல் 92 ஒற்றை சிலிண்டர் கொண்டது. திறன் ஏறத்தாழ அரைக் குதிரைத்திறன். 1937-இல் வந்த மாடல் 72-இல் இரு சிலிண்டர்கள் எதிரெதிராக அமைந்திருக்கும். இரண்டும் டூ ஸ்ட்ரோக் வகை. நம் ஊர்ப் பழைய மொபெட்டுகளுக்குச் செய்ததைப் போலவே பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அதை அளந்து கலப்பதற்கென்றே மேட்டாக் பெயர் பொறித்த தகர டப்பாக்களும் விற்கப்பட்டன.

வடிவமைப்பு முழுவதும் பயன்படுத்துபவரை எண்ணிச் செய்யப்பட்டது. கைப்பிடி சுழற்றத் தேவையில்லை. பெடலைக் காலால் மிதித்தால் கிளம்பும். பேட்டரி இல்லை, ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து சுழலும்போதே தீப்பொறிக்கான மின்சாரம் உண்டாகும். வேகம் மிஞ்சினால் ஃப்ளைவீலோடு சுழலும் எடைகள் விலகித் தீப்பொறியை நிறுத்திவைக்கும். வேகம் தணிந்ததும் மறுபடி தீப்பொறி எழும். வெடித்தும் விட்டும் ஒலிக்கும் அந்தத் தாளம் இதனால் வருவதே. புகையை வெளியேற்ற, வளையும் உலோகக் குழாய் ஒன்றைக் கதவு வழியாகவோ சன்னல் வழியாகவோ வெளியே விடுவார்கள். அந்தக் குழாய் சரியாக இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும் அபாயம் இருந்தது.

துவைப்பதோடு இந்த என்ஜின் நிற்கவில்லை. துணி பிழியும் உருளைகளை ஓட்டிய அதே விசையில் வெண்ணெய் கடையவும் இறைச்சி அரைக்கவும் துணைக்கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1930களில் இதே என்ஜினைப் பொருத்திய குழந்தைகளுக்கான விளையாட்டுக் காரையும் மேட்டாக் தயாரித்தது. ஆக, என்ஜினை வேறு வேலைக்கு மாற்றும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது தயாரித்த நிறுவனமேதான்.

இந்தச் சந்தையில் மேட்டாக் தனியாக இல்லை. மில்வாக்கி நகரின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1930களில் உதைபெடலுடன் டபிள்யூ.எம். என்ற ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினைச் சலவை இயந்திரங்களுக்கெனச் செய்தது. சிறு என்ஜின் தொழிலில் இப்படித் தேர்ந்த அந்நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் புல்வெட்டி இயந்திரச் சந்தையில் முன்னணிக்கு வந்தது.

மின்சாரம் வந்ததும் என்ஜின் விடுபட்டது

1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தை ஏற்படுத்தினார். 1936-இல் அதற்குச் சட்டமும் வந்தது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் பெற்றுக் கம்பி இழுத்தன. 1950களின் நடுவில் மிகப் பெரும்பாலான பண்ணைகளுக்கு மின்சாரம் எட்டிவிட்டது.

நம் முதல் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. மேட்டாக் இயந்திரத்தில் சில போல்ட்டுகளைக் கழற்றினால் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு அதே இடத்தில் மின்மோட்டாரைப் பொருத்திவிடலாம். மின்சாரம் வந்த வீட்டில் தொட்டி தன் வேலையைத் தொடர்ந்தது. பின்னர் தேய்ந்து பழைய இரும்புக்குப் போனது. விலகிய என்ஜினோ ஓடும் நிலையில் இருந்தது. அதைத் தூக்கி எறிய எந்த விவசாயிக்கும் மனம் வராது. கொட்டகைக்குப் போய்ச் சாணைக்கல், சோளம் உதிர்க்கும் கருவி, தண்ணீர் பம்பு ஆகியவற்றை ஓட்டியது. பையன்கள் பலகையில் சக்கரம் பூட்டிச் செய்த வண்டிகளையும் இழுத்தது. மின்மயமாக்கல் இந்த என்ஜின்களை அழித்தது என்ற எளிய முடிவை இச்சான்றுகள் ஏற்கவில்லை. ஒரே சலவை இயந்திரத்தோடு கட்டுண்டிருந்ததை அது விடுவித்தது என்பதே பொருத்தம்.

சீரமைப்பு: என்ஜினைச் சான்றாகப் படிக்கும் முறை

கொட்டகையில் பல்லாண்டு கிடந்த என்ஜினில் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும். சிலிண்டரில் ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்ல அசைத்தே விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தால் பிஸ்டன் உடையும். அடுத்தது தீப்பொறி. காயிலின் மின்காப்பு நொறுங்கியிருக்கலாம், பழைய கண்டென்சர் கசியலாம், காந்தம் வலுவிழந்திருக்கலாம். காயிலைப் புதிதாகச் சுற்றுவதும் காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றுவதும் வழக்கமான வேலைகள். பாயின்ட்டுகளைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்வார்கள். டாங்கின் துருவை நீக்கி, எரிபொருள் திரும்பிப் போகாமல் தடுக்கும் சிறு குண்டு ஒட்டிக்கொள்ளாமல் அசைகிறதா என்று பார்ப்பார்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் அறையில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது. கேஸ்கெட் பழுதானால் தீப்பொறி நன்றாக இருந்தும் என்ஜின் கிளம்பாது.

இவ்வளவு உழைத்து என்ஜினைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்துக்கு மாற்றுவது பலரின் இலக்கு. அதற்காகப் பண்ணைக்காரர் பற்றவைத்த தாங்கியும், அவர் துளையிட்டுப் பூட்டிய புல்லியும் அகற்றப்படுகின்றன. ஓர் ஆய்வாளனாக இதை நான் ஏற்க இயலவில்லை. தொழிற்சாலை நிலையை அறிய வரிசை எண்ணும் விளம்பரங்களும் பாகப் பட்டியல்களும் நியூட்டனில் உள்ள ஜாஸ்பர் கவுன்டி வரலாற்று அருங்காட்சியகத்தின் மேட்டாக் சேகரிப்பும் உள்ளன. ஆனால் மின்சாரம் வந்த பிறகு இந்த என்ஜின் என்ன செய்தது என்பதற்கு அந்தத் துளையும் புல்லியும் தவிர வேறு சான்று இருப்பது அரிது.

முடிவுரை

2006-இல் மேட்டாக் நிறுவனத்தை வேர்ல்பூல் வாங்கியது; 2007-இல் நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. தயாரித்த இடம் மறைந்த நிலையில், எஞ்சிய என்ஜின்களின் பொறுப்பு சீரமைப்பவர்களிடம் வந்திருக்கிறது. அவர்கள் மூன்று விதிகளைக் கடைப்பிடித்தால் வரலாற்றுக்கு நன்மை. கழற்றும் முன் நிழற்படமும் குறிப்பும் எடுக்க வேண்டும். பிற்காலச் சேர்க்கைகளை நீக்க நேர்ந்தால் அவற்றை என்ஜினுடனேயே பாதுகாக்க வேண்டும். புதிய பயனுக்கு மாற்றும்போது, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்களை மட்டுமே செய்ய வேண்டும். இன்றும் இவற்றில் ஐஸ்கிரீம் கடையும் கருவியைப் பூட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வேலைகளைப் பார்த்துவந்த ஒன்றை ஓட விட்டு வேலை வாங்குவது அதன் வரலாற்றுக்கு முரணானதல்ல; அந்த வரலாற்றை மேலே எடுத்துச் செல்வதாகும்.