தலைகீழா நின்ன குளிர்பெட்டி

பக்கத்துத் தெரு கராஜ் சேல்ல 40 டாலருக்கு ஒரு பழைய கேம்பிங் ஃப்ரிட்ஜ் கிடைச்சுது. கேஸ், கார் பேட்டரி, வீட்டுக் கரண்ட்டு மூணுலயும் ஓடுற ரகம். தங்கமணி முறைச்ச முறைப்புக்கு அது இருந்த இடத்துலயே உருகியிருக்கணும். ஆனா காரணம் இருந்துச்சு. ஊர்லேர்ந்து மாமனார் மெல்போர்ன் வந்திருந்தார், இன்சுலின் போடுறவர். கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் மூணு நாள் கூடாரம் போடுறதா பிளான். மருந்தைக் குளிர்ச்சியா வச்சுக்க ஒரு பெட்டி வேணும்.

வீட்டுக் கரண்ட்டுல சொருகி அஞ்சு மணி நேரம் ஆச்சு. உள்ள வச்ச தண்ணி பாட்டில் அப்படியே இருக்கு. மாமா மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டியில காதை வச்சுக் கேட்டார்.

"மாப்ளே, மோட்டாரே ஓடலையே?"

"இதுல மோட்டாரே கிடையாது மாமா."

"பின்ன எதை வச்சுக் குளிருது?"

"சூட்டை வச்சு."

என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. அவருக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கொசுவத்தியைச் சுத்த வேண்டியதாப் போச்சு.

தண்ணிக்கு அம்மோனியான்னா அவ்வளவு ஆசை, பார்த்தா இழுத்துக்கும். அந்தக் கரைசலைச் சூடாக்கினா அம்மோனியா பிரிஞ்சு ஆவியா வெளிய வரும். அதை ஆறவச்சுத் திரவமாக்கி மறுபடி ஆவியாக விட்டா, சுத்தி இருக்கிற சூட்டை எடுத்துக்கும். பிரான்ஸ்காரர் ஃபெர்டினாண்ட் காரே 1859-லயே இதை வச்சு ஐஸ் மெஷின் பண்ணிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல (1861-65) வடக்குக் கடற்படை துறைமுகங்களை அடைச்சதும் தெற்கு மாநிலங்களுக்கு ஐஸ் வரத்து நின்னுபோச்சு. அப்ப முற்றுகைக்குத் தப்பிக் கடத்திட்டுப் போன சரக்குல காரேயோட மெஷினும் உண்டு.

அதுல ஒரு வில்லங்கம் இருந்துச்சு. சூடாகிற பக்கம் அழுத்தம் அதிகம், குளிர்ற பக்கம் கம்மி. கரைசலைத் திருப்பி அனுப்ப பம்ப் வேணும். பம்ப்னா தேய்மானம், கசிவு, சத்தம். அதுவும் கசியிறது அம்மோனியா, மூக்கு தாங்காது.

1922-ல ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில ரெண்டு மாணவர்கள் அந்தப் பம்ப்பைத் தூக்கிக் கடாசினாங்க. பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். குழாய்க்குள்ள மூணாவதா ஹைட்ரஜனையும் அடைச்சாங்க, அவ்வளவுதான். இப்ப மொத்த அழுத்தம் எல்லா இடத்துலயும் ஒண்ணு. குளிர்ற பக்கத்துல அழுத்தத்தோட பெரும்பங்கை ஹைட்ரஜன் சுமக்கிறதால, அம்மோனியாவோட பங்கு குறைஞ்சு, கம்மி வெப்பத்துலயே ஆவியாகுது. கரைசலை மேல ஏத்துறது யாரு? கொதிக்கிற குமிழிதான். உலை பொங்குறப்போ கஞ்சி மூடியைத் தள்ளிட்டு ஏறுமே, அந்த வித்தை. மேல ஏறினது புவியீர்ப்புல தானா இறங்கி வரும். அசையிற பாகம் ஒண்ணுகூட இல்லை. 1925-ல எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி இதை வாங்கிடுச்சு. (ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து வேற மாதிரி ஒரு அசையாத ஃப்ரிட்ஜுக்கு 1930-ல அமெரிக்கக் காப்புரிமை வாங்கினாங்க. அது கடைக்கே வரலை. மாணவர்கள் ஜெயிச்ச கேஸ் இது!)

சூடு எதுலேர்ந்து வந்தா என்ன? மண்ணெண்ணெய் விளக்கே போதும். கரண்ட்டே எட்டாத ஆஸ்திரேலிய உள்நாட்டுப் பண்ணைகளுக்கு 1920-கள்லயே சிட்னியில எட்வர்ட் ஹால்ஸ்ட்ராம் மண்ணெண்ணெயில ஓடுற குளிர்பெட்டி செஞ்சு வித்தார். கேம்பிங் ஃப்ரிட்ஜ் அந்த வம்சம்தான்.

இதெல்லாம் தெரிஞ்சா ரிப்பேர் பாதி முடிஞ்ச மாதிரி. சூடு மூணு வழியில வரலாம், குளிர்விக்கிற குழாய்த் தொகுதி ஒண்ணுதான். ஒரு வழியில குளிர்ந்து இன்னொண்ணுல குளிரலைன்னா குழாய் நல்லாருக்கு, அந்தச் சூட்டு வழியிலதான் கோளாறு. 12 வோல்ட்டுல மட்டும் மக்கர் பண்ணா முதல்ல வயரைப் பாருங்க. மெல்லிசு வயர்ல 12 வோல்ட் 10-ஆ இறங்கினா சூடு கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும்.

எங்களுக்கு வீட்டுக் கரண்ட்டுலயே வேலை செய்யலை. பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். கீழ கொதிகலன் பகுதி சுடுது, மேல இருக்கிற தகடுகள் ஜில்லுனு கிடக்கு. சூடு வருது, குமிழி ஏறலை. ரொம்ப வருஷம் சும்மா கிடந்த பெட்டிகளுக்கு வர்ற நோய். மஞ்சள் பொடி எங்கயாவது ஒட்டியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். துரு பிடிக்காம இருக்க உள்ள சோடியம் குரோமேட் போட்டிருப்பாங்க. அது வெளிய தெரிஞ்சாலோ அம்மோனியா நாத்தம் அடிச்சாலோ குழாய் ஓட்டைன்னு அர்த்தம். அந்தப் பொடி புற்றுநோய் சமாச்சாரம், கையால தொடக்கூடாது. ஓட்டையை அடைக்கிறேன்னு குழாயை நோண்டவும் கூடாது, உள்ள 20 மடங்கு வளிமண்டல அழுத்தம்.

பொடி இல்லை. அப்ப பழைய வைத்தியம்தான். கரண்ட், கேஸ் எல்லாம் கழட்டிட்டு பெட்டியைத் தலைகீழா ஒரு ராத்திரி நிறுத்தினேன். உள்ள குடுகுடுன்னு சத்தம். "குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரியில்ல இருக்கு" அப்படின்னார் மாமா. மறுநாள் நிமிர்த்தி, கரைசல் இறங்குறதுக்காக ஒரு பகல் முழுக்கச் சும்மா விட்டுட்டு, சாயந்திரம் சொருகினோம். காலைல தண்ணி பாட்டில் 4 டிகிரி! எல்லாப் பெட்டிக்கும் இது பலிக்காது. சாய்ச்சு வச்சே ஓட்டி, கொதிகலன்ல உப்பு படிஞ்சுபோனதுக்கு மருந்து இல்லை.

கேஸ்ல வச்சப்போ சுடர் மஞ்சளா எரிஞ்சுது. அதைப் பார்த்து எனக்கு நிஜமாவே பயம். சுடர் மஞ்சள்னா காத்து பத்தலை, கார்பன் மோனாக்ஸைடு வருது. அமெரிக்காவுல 1933-லேர்ந்து 1957 வரைக்கும் செஞ்ச செர்வெல் கேஸ் ஃப்ரிட்ஜுகளை யாரும் ஓட்டாதீங்கன்னு அந்த நாட்டு அரசு அமைப்பே எச்சரிச்சது. மலைக் குடில்கள்ல அதை ஓட்டிட்டுத் தூங்கினவங்க சில பேர் எழுந்திரிக்கவே இல்லை. எங்க பெட்டியோட புகைக்குழாயில சிலந்திக்கூடு, பர்னர் மேல துருச் செதில். ரெண்டையும் சுத்தம் பண்ணேன். ஜெட்டை ஸ்பிரிட்டுல ஊறவச்சு ஊதினேன். ஊசி விட்டுக் குத்தினா ஓட்டை பெருசாயிடும். சுடர் நீலமாச்சு. ஆனாலும் கூடாரத்துக்குள்ள கேஸ்ல ஓட்டுறதில்லைன்னு முடிவு.

இன்சுலின்? அங்கதான் மாமா என்னை மடக்கினார். மூணு நாள் வீட்டு வராண்டாவுல பெட்டியை வச்சு, மணிக்கு ஒருதடவை தெர்மாமீட்டர் பார்த்துக் குறிச்சார். ராத்திரி 3, மத்தியானம் வெளிய 38 அடிச்சப்போ உள்ள 14. குளிர்த் தகட்டை ஒட்டின இடத்துல விடிகாலை மைனஸ் 1. உறைஞ்ச இன்சுலின் குப்பைக்குத்தான். திறக்காத மருந்துக்கு 2-லேர்ந்து 8 டிகிரி வேணும்.

"மாப்ளே, வித்தை பிரமாதம். என் உசுரை இதுல வைக்க மாட்டேன்" அப்படின்னுட்டார். திறக்காத பேனாவெல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜுல தங்கிடுச்சு. திறந்த ஒண்ணை மட்டும் ஈரத்துணி சுத்தின பையில எடுத்துக்கிட்டார். பெட்டிக்குள்ள பாலும் தயிரும் போச்சு.

முகாம்ல மரநிழல்ல பெட்டியை இறக்கினதும், அவரே எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி அது மேல வச்சு மட்டம் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ஞ்சுது. செருப்பைக் கழட்டி அடியில சொருகினார். மூணு நாளும் ஒத்தைச் செருப்போடதான் நடந்தார்.