இரண்டு மதிப்பெண் கேள்வியும் கருந்துளைப் படமும்



பன்னிரண்டாம் வகுப்பில் மீக்கடத்திப் பாடத்தை நான் அரை மணியில் முடித்துவிடுவேன். "1911, காமர்லிங் ஓன்ஸ், பாதரசம், 4.2 கெல்வின். இரண்டு மதிப்பெண் கேள்வி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கதை அங்கே முடியவில்லை. மீதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

1970-ல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் தொலைநோக்கியில், ஓரியன் நெபுலாவிலிருந்து கார்பன் மோனாக்சைடு அனுப்பும் 2.6 மில்லிமீட்டர் அலையைக் கண்டார்கள். விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த மேகங்களை ஆராய வழி திறந்தது. ஆனால் அன்றைய ஏற்பிகளின் சொந்த இரைச்சலே பெரும் தொல்லை. சந்தைக் கூச்சலில் ரகசியம் கேட்பது போலத்தான். இரைச்சலைப் பாதியாக்கினால், அதே தெளிவுக்குக் காத்திருக்கும் நேரம் நான்கில் ஒன்றாகிவிடும்.

தீர்வு மீக்கடத்தியிலிருந்து வந்தது. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனில் காப்புப் படலம் வையுங்கள். குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை மின்னோட்டம் அநேகமாக இருக்காது. அதைத் தாண்டியதும் சட்டென்று எகிறும். அந்த வாசலருகே நிறுத்தி வைத்தால், மில்லிமீட்டர் அலையின் ஒரு ஃபோட்டான் தரும் சிறு ஆற்றலே எலெக்ட்ரானை அப்பால் தள்ளிவிடும். வானத்து அலையோடு நாம் உண்டாக்கும் இன்னொரு அலையையும் இதில் கலந்தால், இரண்டின் வித்தியாசமான குறைந்த அதிர்வெண் கிடைக்கும். அதைப் பெருக்குவது எளிது.

1979-ல் ரிச்சர்ட்ஸ் குழுவும், டோலன், பிலிப்ஸ், வூடி குழுவும் தனித்தனியே இதைச் செய்துகாட்டினர். அதே ஆண்டு ஜான் டக்கர் இதற்கான குவாண்டம் கோட்பாட்டை எழுதினார். ஆனால் ஈயக் கலவையில் செய்த அந்தச் சந்திகள், குளிரவைத்துச் சூடாக்க, மறுபடி குளிரவைக்கப் பழுதாகிவிடும். 1983-ல் பெல் ஆய்வகத்தில் குர்விச்சும் கூட்டாளிகளும் நியோபியத்துக்கு நடுவே அலுமினியம் ஆக்சைடு வைத்துச் செய்த சந்திதான் உறுதியாக நின்றது.

இன்று சிலியின் அடகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் நிற்கும் அல்மாவின் 66 ஆன்டெனாக்களிலும் இத்தகைய சந்திகள் 4 கெல்வினில் வேலை செய்கின்றன. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படத்துக்கு 1.3 மில்லிமீட்டர் அலைகளைச் சேகரித்த தொலைநோக்கிகளில் அல்மாவும் ஒன்று.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பிய மாணவர்களே, அதற்கான முதல் படி நாம் அரை மணியில் அழித்த பலகையில் இருந்தது. அவசரப்பட்டவன் நான்தான். உங்கள் பிள்ளைகளுக்காவது நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள்.