கல்வராயன் மலையில் அடிமைமுறை எந்த ஆண்டு முடிந்தது?

கேள்வி எளிதானது. ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இதற்கான பதில் ஒரே கட்டில் கிடைக்காது. அடிமைமுறை என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனால் 1840களோடு தடம் அறுந்துவிடுகிறது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமைகளைப் பற்றிக் கேட்டு எழுதியது. 1841இல் சட்டக் கமிஷனின் அறிக்கை வந்தது. 1843இல் ஐந்தாம் எண் சட்டம். அதன்பின் அந்தப் பேச்சே அடங்கிவிடுகிறது.

அந்தச் சட்டத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். மொத்தம் நான்கே பிரிவுகள். வரி பாக்கிக்கோ கோர்ட்டு டிக்ரிக்கோ ஆளை ஏலம் விடக்கூடாது. அடிமை மீது ஒருவர் கோரும் உரிமையைக் கோர்ட்டு ஏற்காது. அடிமை என்று சொல்லி, அவர் உழைத்துச் சேர்த்த பொருளைப் பறிக்கக்கூடாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. அவ்வளவுதான். ஆளை வைத்திருந்தவருக்குத் தண்டனை என்று ஒரு வரி இல்லை. விடுபட்டவருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. அடிமையாக ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று சொல்ல 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது.

அதற்கு ஓராண்டு முன்னரே இன்னொரு சட்டம் வந்துவிட்டது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம். முன்பணம் வாங்கிய கூலியாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று உத்தரவாகும். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சாதாரணக் கடன் பாக்கி சிவில் வழக்கு. கூலியாள் வாங்கிய முன்பணம் மட்டும் கடுங்காவலுக்கு வழி. இதைப் பார்த்த பிறகுதான், அடிமைமுறையைத் தேட வேண்டிய இடம் கடனும் நிலமும் பேசும் கோப்புகள் என்பது எனக்கு உறுதியானது. அமெரிக்காவில் 1865க்குப் பிறகு தென்மாநிலங்கள், வேலையில்லாமல் திரிவதைக் குற்றமாக்கி, விடுதலையான கறுப்பின மக்களைத் தோட்டங்களுக்கே திருப்பி அனுப்பின. அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டு இடத்திலும் வேலையை விட்டுப் போவதுதான் குற்றமாக்கப்பட்டது.

மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளியில், இப்படிக் கடனில் கட்டுண்டு உழைத்தவரின் பெயர் படியாள். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடிப்பான். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். நோயின் வேர் நிலமின்மையே என்பதைச் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இலேயே எழுதினார். மறு ஆண்டு, தலித்துகளுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது.

மலையின் கதை வேறு. அரசு உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையே அங்கே நுழையவில்லை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். ஜாகீர்தார்களும் மலையாளி என்னும் பழங்குடியினர், அவர்களுக்கு உழைத்தவர்களும் மலையாளிகள். அதனால் இதை அடிமைத்தனம் என்று பேச வெளியாருக்குத் தோன்றவில்லை. 1906இல் பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியர், காஞ்சியிலிருந்து வந்தவர்கள் வேடர்களைக் கொன்று மலையைப் பிடித்த கதையைச் சொல்கிறது. கல்யாணத்தில் துப்பாக்கி வெடிப்பது அதன் நினைவாக என்பதுவரை அதில் உண்டு. நான் அதில் தேடியதோ கூலியைப் பற்றிய தகவல். வீட்டுக்கு ஒருவர் ஜாகீர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்ததை மலையின் முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1948இல் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1963இல் இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. ஆனால் கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்தது நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜூனில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான். ஆக, 1843க்கும் மலைக்கும் நடுவே 133 ஆண்டுகள்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. தரகர் கொடுக்கும் முன்பணத்தை நம்பி இந்தப் பகுதி மலைகளின் ஆண்கள் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் பலர் ஜவ்வாது மலையையும், கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது சாராயம் காய்ச்சும் இடம் என்ற பழிச்சொல் முதலில் கல்வராயன் மலைமேல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

ஜாகீர் காலத்து வரி ரசீது, கடன் சீட்டு, கணக்கு நோட்டு எதுவாயினும் கல்வராயன் மலையில் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பட்டா கேட்டு நிற்கும்போது உங்கள் தாத்தா உழுத நிலத்துக்கு அதுவே சாட்சியாகலாம். மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய் அவற்றைப் படியெடுத்து வைக்க வேண்டும்; ஜாகீர் காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.