எல்லைக்கு வெளியே ஒரு தலைநகரம்

ஒரு தேசத்தின் தலைநகரம் அந்தத் தேசத்திலேயே இல்லை என்று நான் கதை எழுதினால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்காவில் பெச்சுவானாலாந்து என்ற பிரதேசத்தை வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய எழுபது வருஷம் அப்படித்தான் ஆண்டார்கள். ஜில்லாக்களில் கமிஷனர்கள் இருந்தார்கள். தலைமைக் காரியாலயம் மட்டும் எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்க மண்ணில், மாஃபெகிங் நகரத்தில்!

1966 செப்டம்பர் 30-ஆம் தேதி அந்தப் பிரதேசம் போட்ஸ்வானா என்ற பெயரில் சுதந்திரம் பெற்றது. காபரோனி என்ற புதுத் தலைநகரத்தை அவசர அவசரமாகக் கட்டியிருந்தார்கள். தேசம் முழுவதிலும் தார்ச் சாலை சுமார் 12 கிலோமீட்டர். பட்டதாரிகள் 22 பேர். போதாக்குறைக்குக் கடும் பஞ்சம். கஜானாச் செலவில் பாதிக்கு பிரிட்டனின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

முதல் ஜனாதிபதி செரெட்சே காமா, பாமங்வாட்டோ குலத்தின் பட்டத்து வாரிசு. 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்கா முகம் சுளித்தது. அதன் மனம் கோணாதிருக்க, பிரிட்டிஷ் சர்க்கார் 1950-ல் அவரை லண்டனுக்கு வரவழைத்து, ஊர் திரும்பக் கூடாதென்று தடை போட்டுவிட்டது. பட்டத்தை வேண்டாமென்று துறந்த பிறகுதான், 1956-ல், சாதாரணப் பிரஜையாக ஊர் வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்டவர் ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்திருப்பார்? வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களை மூட்டை கட்டச் சொல்லியிருப்பார் என்றுதானே நினைப்போம்? கதாசிரியனாகிய நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவரோ அவர்களை இருக்கச் சொன்னார். தகுதியான சுதேசி வரும்வரை நாற்காலி காலி செய்யப்படாது என்றார். 1960-ல் காங்கோவில் பெல்ஜிய அதிகாரிகள் சில வாரங்களுக்குள் ஓடிப்போக, ஆபீஸ் நடத்த ஆளில்லாமல் சர்க்காரே நிலைகுலைந்ததை உலகம் பார்த்திருந்தது. இருந்தாலும் படித்த வாலிபர்களுக்கு ஆத்திரந்தான். 'இதற்கா சுதந்திரம்?' என்று கேட்பவனிடம் காங்கோவைக் காட்டி என்ன பயன்? அவனுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

செரெட்சேயின் இன்னொரு காரியத்தை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். 1967-ல் ஒரு சட்டம் வந்தது. குலங்களுக்கு இருந்த கனிம உரிமைகள் தேசத்துக்குச் சேர்ந்தன. அதே வருஷம் ஓராபாவில் வைரம் அகப்பட்டது. ஓராபா வேறெங்கும் இல்லை; அவருடைய பாமங்வாட்டோ குலத்தின் பூமியிலேயே இருக்கிறது!

1971-ல் சுரங்கம் திறந்தார்கள். அடுத்த ஓரிரு வருஷங்களில் பிரிட்டன் தந்துவந்த மானியம் வேண்டாமென்று ஆகிவிட்டது. 1980-ல் செரெட்சே காலமானபோதும் சில பெரிய ஆபீஸ்களில் அன்னிய உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். வாலிபர்களின் முணுமுணுப்பும் இருந்தது.