செர்ரி வைக்கப் போய் களாவை வெட்டின கதை

இது ஒரு பாவ மன்னிப்புப் பதிவு.

கொஞ்ச வருஷம் முன்னாடி திண்டுக்கல் வீட்டு வாசல்ல குட்டை ரக செர்ரி ஒண்ணு வெச்சேன். ஜப்பான் படங்கள்ல பார்ப்போமே, இலையே தெரியாம இளஞ்சிவப்பா பூத்து நிற்குமே, அதே ஜாதி. விற்றவர் "தொட்டியிலயே பூக்கும் சார்"னார். இடம் வேணும்னு, பாட்டி வெச்ச களாச் செடியை நானே வெட்டினேன். முள்ளு குத்துதுன்னு சாக்கு வேற.

செர்ரி முதல் சித்திரையைத் தாண்டலை.

அப்புறம்தான் படிச்சேன். செர்ரி குளிர்காலத்தில் தூங்கும் மரம். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். நம்ம ஊர் மார்கழிக்கு அந்தக் குளிர் ஏது?

குளிர் இருக்கிற ஊர்லயே செர்ரி லேசில் வேர் பிடிக்கலை. 1910ல் ஜப்பான் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் எல்லாத்தையும் எரித்துவிட்டார்கள். டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி சளைக்காமல் 1912ல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பினார். இன்றைக்கு அங்கே கூட்டம் கூடுவது அந்த இரண்டாவது முயற்சியால்தான்.

நம்ம மாவட்டத்திலும் குளிர் தேசத்து மரங்களுக்கு ஓர் இடம் உண்டு, ஆனா 7,000 அடி ஏறணும். 1845ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863ல் லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1908ல் பிரையண்ட் பூங்கா. வெள்ளைக்காரன் ஊர் நினைப்பில் வைத்த பேரிக்காயும் பிளம்ஸும் அங்கே பிழைத்துக்கொண்டன. பிளம்ஸ், செர்ரிக்கு நெருங்கிய சொந்தம். மலை மேல நடந்ததை அடிவாரத்துல எதிர்பார்த்தது என் தப்பு.

சரி, களா என்ன லேசுப்பட்டதா? வட இந்தியாவில் உப்புக் கடத்தலைத் தடுக்க ஆங்கிலேயர்கள் பல நூறு மைல் நீளத்துக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்த ஏ.ஓ.ஹியூம் (ஆமாங்க, பின்னாளில் காங்கிரஸ் தோன்றக் காரணமான அதே ஹியூம்தான்!) அதை முனைப்பாக வளர்த்தவர். கருவேலம், இலந்தை, கள்ளியோடு களாவும் அந்த வேலியில் இருந்தது. ஏழையின் உப்புக்கு வரி வாங்க நம்ம முள்ளையே நமக்கு எதிரா நிறுத்தியிருக்காங்க! 1879ல் அந்த வேலியைக் கைவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. நம்ம பேக்கரி பன், கேக் மேல சிவப்பா உட்கார்ந்திருக்கே 'செர்ரி', அது பெரும்பாலும் களாக்காய்தான்! கொட்டையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏத்தினது. ஆக, குட்டையா வளர்ந்து, நட்சத்திரம் மாதிரி வெள்ளையா மணக்கப் பூத்து, 'செர்ரி'யும் காய்ச்ச செடி என் வாசல்லயே இருந்திருக்கு. அதை வெட்டிட்டுத்தான் செர்ரி வெச்சிருக்கேன்.

பாட்டி இருந்தா திட்டியிருக்க மாட்டாங்க. சிரிச்சிருப்பாங்க. அதுதான் உறுத்துது.

போன ஆடியில் அதே இடத்தில் ஒரு களாக் கன்று வெச்சிருக்கேன். இப்போ முழங்கால் உயரம். முதல் முள்ளு நேத்து குத்துச்சு. சந்தோஷமா இருந்தது!

உங்க வீட்டு வேலியில் களா இன்னும் இருக்கா? இருந்தா வெட்டிடாதீங்க.